புவி வெப்பமாதல்: டெல்டா படிப்பகத்துக்கு எந்தப் புத்தகம்?

மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு இந்த ஆண்டு கொஞ்சம் நன்கொடை கிடைத்தது. அதைப் புவி வெப்பமாதல் பற்றிய புத்தகங்களுக்கே செலவிடுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். எந்தப் புத்தகம் என்ற பேச்சு வந்ததும்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் பெயர் அடிபடும் புத்தகங்கள் வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எதிர்த்தரப்பு எழுதியதையும் வாங்கி வைக்காவிட்டால் இது படிப்பகமாக இருக்காது, பிரசார மேடை ஆகிவிடும் என்றார். சாகுபடி செய்கிறவர்கள் கேட்டது வேறு. தை மாதத்தில், கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் மழை கொட்டுகிறதே, அதைப் பற்றிச் சொல்கிற புத்தகம் இருந்தால் வாங்குங்கள் என்றார்கள். கையில் இருந்த பணத்துக்கு நான்கைந்து புத்தகம்தான் வரும். அதனால் பெயர் பெற்றவற்றை இரவல் வாங்கியும் இணையத்தில் தேடியும் படித்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். டெல்டாவின் மற்ற ஊர்களிலும் பள்ளி நூலகத்துக்கோ வாசகர் வட்டத்துக்கோ இதே தேர்வைச் செய்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நூலகத்தைப் பற்றிய அக்கறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் 1931-இல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். உலகம் பாராட்டியதா, பரிசு வாங்கியதா என்பதெல்லாம் அப்புறம். கடைமடையில் இருக்கிற ஒருவருக்கு இந்தப் புத்தகம் எதைச் சொல்கிறது என்பதே முதல் கேள்வி.

கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. 2021 பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் மழை, மறுபடியும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத் தகராறு. இவை எல்லாவற்றையும் புவி வெப்பமாதலின் கணக்கிலேயே எழுதிவிடுகிற புத்தகமும் நமக்கு உதவாது, இவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவுகிற புத்தகமும் உதவாது. பூமி சூடாகிறது என்பதும் அதற்கு மனிதர்கள் காரணம் என்பதும் உறுதி. ஒரு தனிப் புயலில் அதன் பங்கு எவ்வளவு என்பது நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது. இந்த இரண்டையும் ஒருசேர மனதில் நிறுத்தக் கற்றுத்தரும் புத்தகம்தான் நல்ல புத்தகம்.

பலரும் முதலில் சொல்லும் பெயர் அல் கோருடைய 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்'. 2006-இல் ஆவணப்படத்தோடு சேர்ந்து வந்தது. அடுத்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசை அவரும், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யும் பகிர்ந்துகொண்டார்கள். படங்களும் வரைபடங்களும் நிறைந்த புத்தகம் என்பதால் ஆங்கிலம் தடுமாறுகிறவர்களும் புரட்டலாம். ஆனால் அதே 2007-இல், அந்தப் படத்தைப் பள்ளிகளில் காட்டுவதை எதிர்த்து இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. மையக் கருத்து அறிவியலோடு பொருந்துகிறது, ஆனால் ஒன்பது இடங்களில் சொன்னது அறிவியல் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டுகிறது, அதனால் ஆசிரியர்களுக்கான விளக்கக் குறிப்போடு காட்டலாம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த ஒன்பதில் ஒன்று கடல்மட்டம். 20 அடி உயரும் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடக்கக்கூடியது. சீக்கிரமே வரப்போவது போன்ற எண்ணத்தைப் படம் தருகிறது என்றார் அவர். நம்மைப் போன்ற கடலோரத்துக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் வெளியீடு மிக அதிகமாகப் போனால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் கடல் சுமார் 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உயரலாம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வாய்க்காலில் உப்பு நீர் ஏறுவதைப் பார்த்தவருக்கு அந்த ஒரு மீட்டரே போதும். 20 அடிப் படத்தைக் காட்டினால் அவர் பயந்து போவார், அல்லது நம்பாமல் போவார். இரண்டிலும் நமக்கு லாபம் இல்லை. இதை விட்டுவிடலாம்.

டேவிட் வாலஸ்-வெல்ஸின் 'தி அன்இன்ஹாபிட்டபிள் எர்த்' 2019-இல் வந்தது. எழுத்து வேகமானது, படிக்கிறவரைப் பிடித்து உலுக்கக்கூடியது. வரக்கூடியவற்றில் மோசமானதையே அடுக்கிக்கொண்டு போகும்போது, பாதியில் கை ஓய்ந்துவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளை ஒருவன் அதைப் படித்துவிட்டு, இனி விவசாயத்துக்கு வந்து என்ன பயன் என்று கேட்பானானால், அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் புத்தகத்துக்குள் இல்லை. அச்சமூட்டும் வரிசையில் ஒன்று வேண்டும் என்றால் நான் மார்க் லைனஸின் 'சிக்ஸ் டிகிரீஸ்' பக்கம் சாய்வேன். 2007-இல் வந்து, மறு ஆண்டு இங்கிலாந்து ராயல் சொசைட்டியின் அறிவியல் நூல் பரிசைப் பெற்றது. ஒரு டிகிரி கூடினால் என்ன, இரண்டு கூடினால் என்ன என்று ஆறு வரை டிகிரிக்கு ஒரு அத்தியாயம். பிள்ளைகள் ஆளுக்கொரு அத்தியாயம் எடுத்துக்கொண்டு வந்து பேசலாம். 2020-இல் தரவுகளைப் புதுப்பித்து இதையே அவர் மறுபடி எழுதியிருக்கிறார், வாங்கினால் அந்தப் பதிப்புதான்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஸ்பென்சர் வியர்ட் என்ற இயற்பியல் வரலாற்றாசிரியர் எழுதிய 'தி டிஸ்கவரி ஆஃப் குளோபல் வார்மிங்', முதல் பதிப்பு 2003. கனமில்லாத சின்னப் புத்தகம். இந்த அறிவு எப்படி உருவானது என்பதை ஒரு வழக்கு விசாரணை போலச் சொல்கிறது. ஜான் டிண்டால் 1859 வாக்கில் எந்தெந்த வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்று சோதனைச் சாலையில் அளந்தார். ஸ்வீடனின் அர்ஹேனியஸ் 1896-இல் கையாலேயே கணக்குப் போட்டு, காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5, 6 டிகிரி சூடாகும் என்றார். இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி. கணினி இல்லாத காலத்தில் அந்த அளவு நெருங்கியதே பெரிது.

ஆனால் அவரை அன்று அறிவியல் உலகம் ஏற்கவில்லை, அதுதான் இந்தப் புத்தகத்தின் உயிரான பகுதி. அதே ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ரம், காற்றில் இருக்கிற கரியமில வாயுவே பிடிக்க வேண்டிய கதிர்களை எல்லாம் ஏற்கெனவே பிடித்துவிட்டது, இனி எவ்வளவு சேர்ந்தாலும் வித்தியாசம் வராது என்றார். மிச்சத்தைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். 1938-இல் கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், வானிலைத் துறைக்கு வெளியே இருந்து வந்தவர், பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டிக்கொண்டு வந்து பூமி சூடாகித்தான் வருகிறது என்றார். அவரையும் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1950-களில் மேல் வளிமண்டலத்தின் மெல்லிய அடுக்குகளில் நடப்பதைக் கணக்கிட்ட பிறகுதான் ஆங்ஸ்ட்ரமின் மறுப்பு விழுந்தது. 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

டீக்கடையில் யாராவது, இதெல்லாம் விஞ்ஞானிகள் கூடிப் பேசிக் கட்டிவிட்ட கதை என்றால், இந்த வரலாற்றைத் தவிர வேறு பதில் வேண்டியதில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு, எல்லா மறுப்பும் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு, கடைசியில் நின்ற முடிவு இது. ஐயப்படுகிறவரை இந்தப் புத்தகம் அவமதிப்பதும் இல்லை, ஏனென்றால் நல்ல ஐயங்கள்தான் இந்த அறிவை வளர்த்தன என்று அது காட்டுகிறது. இன்னொரு வசதி, அமெரிக்க இயற்பியல் கழகத்தின் தளத்தில் இதன் விரிவான வடிவத்தை வியர்ட் இலவசமாகவே வைத்திருக்கிறார். ஆகவே அச்சுப் பிரதி ஒன்று வாங்கி, மற்றதைப் படிப்பகக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, தலைமையாசிரியர் கேட்ட எதிர்த்தரப்புக்கு வருவோம். இதில் மூன்று பேரை வைத்துப் பார்த்தேன். மைக்கேல் கிரைட்டனின் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' புவி வெப்பமாதலை ஐயப்பட்டு 2004-இல் வந்த நாவல். வரைபடங்களும் அடிக்குறிப்புகளும் உள்ள நாவல் என்பதால் படிப்பவர் கதையைத் தரவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அமெரிக்க செனட் குழு ஒன்று 2005-இல் அவரைச் சாட்சி சொல்லவே அழைத்தது. நாவலாகப் படிக்க விரும்புகிறவர்கள் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், இந்தத் தட்டில் அதற்கு இடம் இல்லை.

ஸ்டீவன் கூனினின் 'அன்செட்டில்ட்', 2021. இவர் இயற்பியலாளர், ஒபாமா அரசின் எரிசக்தித் துறையில் உயர் பதவியில் இருந்தவர், அதற்கு முன் பி.பி. எண்ணெய் நிறுவனத்தில் தலைமை விஞ்ஞானி. பூமி சூடாகவில்லை என்று அவர் சொல்லவில்லை. விளைவுகளைப் பற்றிச் சொல்லப்படுவதில் பலவும் உறுதியானவை அல்ல என்கிறார். தனக்குச் சாதகமான தரவுகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார் என்று காலநிலை விஞ்ஞானிகள் பலர் அவரை மறுத்திருக்கிறார்கள். எனக்குப் பட்டது இதுதான்: உறுதியாகத் தெரியாதவற்றை விஞ்ஞானிகளே தங்கள் அறிக்கைகளில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நேராக அங்கேயே படித்துவிடலாம்.

மூன்றாமவர் டென்மார்க்கின் பியோன் லோம்போர்க். எதிர்த்தரப்பில் ஒரே ஒரு புத்தகம் வாங்கலாம் என்றால் அவருடைய 'கூல் இட்' தான், 2007. ஏன் என்றால், அவர் அறிவியலோடு மோதவில்லை. மனிதர்களால் பூமி சூடாகிறது என்று ஒப்புக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார். அவர் கேட்பது செலவைப் பற்றி. வாயு வெளியீட்டை அவசரமாகக் குறைக்கச் செலவிடும் பணத்தை மலேரியாவுக்கும் ஊட்டச்சத்துக் குறைவுக்கும் செலவிட்டால் ஏழைகள் அதிகம் பேர் பிழைப்பார்களே என்கிறார். இது நேர்மையான கேள்வி, நம் ஊரில் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. அவருடைய முந்தைய நூலை அறிவியல் நேர்மைக்கு மாறானது என்று டென்மார்க்கின் ஒரு குழு 2003 ஜனவரியில் சொன்னதும், அந்த ஆண்டு முடிவதற்குள் அமைச்சகம் அந்த முடிவைச் செல்லாதாக்கியதும் தனிக் கதை. 'கூல் இட்'டின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஹாவர்ட் ஃப்ரீல் 2010-இல் ஒரு மறுப்பு நூலே எழுதினார்.

லோம்போர்க்கைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது அவருடைய கூட்டல். உலகம் முழுவதையும் ஒரே கணக்கில் கூட்டினால், உப்பேறிய கடைமடை வயல் ஒன்றின் இழப்பு கண்ணுக்கே தெரியாத தொகை. அந்த வயலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ அதுதான் முழுத் தொகை. பூமி சூடானால் குளிரால் இறப்பவர்கள் குறைவார்கள் என்று வாதிடுகிறார். ஐரோப்பாவுக்கு அது ஆறுதலாக இருக்கலாம், சித்திரை வெயிலில் கூலிக்கு நிற்கிற நம் பெண்களுக்கு அதனால் என்ன கிடைக்கும்? அப்புறம், அவர் எழுதிய பிறகு சூரிய மின்சாரத்தின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. அவருடைய செலவுக் கணக்கில் பாதி பழையதாகிவிட்டது. இவ்வளவு குறை சொல்லியும் இதை வாங்கச் சொல்கிறேன். நல்ல எதிர்வாதத்தோடு மல்லுக்கட்டிப் பழகினால்தான் பிள்ளைகளுக்குச் சொந்தமாக வாதிட வரும்.

இந்த விவாதமே எப்படி இவ்வளவு முற்றியது என்பதைச் சொல்லும் நூல் நவோமி ஒரெஸ்கஸும் எரிக் கான்வேயும் எழுதிய 'மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் டவுட்', 2010. சிகரெட் புற்றுநோய் தருகிறது என்ற அறிவியலைக் குழப்ப 1950-களிலிருந்து புகையிலைக் கம்பெனிகள் செய்த வேலையில் தொடங்கி, அமில மழை, ஓசோன், கடைசியில் புவி வெப்பமாதல் என்று வருகிறது. ஐயத்தை உற்பத்தி செய்வதுதான் நம் தொழில் என்ற பொருளில் ஒரு புகையிலைக் கம்பெனியின் 1969 குறிப்பே இருக்கிறது. ஃபிரெட் சைட்ஸ், ஃபிரெட் சிங்கர் போன்ற சில இயற்பியலாளர்களின் பெயர்கள் இந்தச் சண்டைகளில் திரும்பத் திரும்ப வருவதை ஆவணங்களோடு காட்டுகிறார்கள். உழைப்பு அசாதாரணமானது. ஆனாலும் எங்கள் முதல் ஐந்தில் இதைச் சேர்க்கவில்லை. முழுக்க அமெரிக்க அரசியலுக்குள் நடக்கிற கதை என்பது ஒரு காரணம். இதை மட்டும் படித்தவர், கேள்வி கேட்கிற எல்லோரையும் காசு வாங்கியவர் என்று நினைக்கத் தொடங்கிவிடுவார் என்பது அதைவிடப் பெரிய காரணம். எங்கள் ஊரில் ஐயம் எழுப்புகிறவர் மழையைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த சம்சாரி, அவருக்கு எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கவில்லை.

இனி நம் பக்கத்துப் புத்தகங்கள். டெல்டாக்காரர் ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் நான் கைகாட்டுவது ஒரு மெல்லிய வெளியீட்டை. அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதி, தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991-இல் வெளியிட்ட 'குளோபல் வார்மிங் இன் அன் அன்ஈக்வல் வேர்ல்ட்'. ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் சூடு குறையவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, வாஷிங்டனில் இருக்கும் உலக வளங்கள் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. பூமியைச் சூடாக்குவதில் முதல் ஐந்து நாடுகளுக்குள் பிரேசில், சீனா, இந்தியாவும் வந்தன. அந்தக் கணக்கை அகர்வாலும் நாராயணும் பிரித்துப் போட்டார்கள். காடும் கடலும் இயற்கையாக உறிஞ்சிக்கொள்ளும் வாயு இருக்கிறதே, அதை அந்த நிறுவனம் நாடுகளுக்குப் பங்கு பிரித்த விதம் விசித்திரமானது: அதிகம் புகைவிட்டவருக்கு அதிகப் பங்கு. கடலும் காற்றும் மனிதர் எல்லோருக்கும் சமம் என்று எடுத்து, மக்கள்தொகைப்படி பங்கு பிரித்தால் இந்தியாவின் பெயர் குற்றப்பட்டியலிலிருந்தே இறங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஓடும் காரின் புகையும், வங்காளத்திலோ தாய்லாந்திலோ பிழைப்புக்காக நெல் போடுகிறவரின் வயலிலிருந்து எழும், அதுவும் பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயுவும் ஒன்றா என்று கேட்டார்கள். ஒன்று ஆடம்பரத்துக்கு, மற்றது உயிர் பிழைக்க.

இந்தப் பக்கத்தை வாசகர் வட்டத்தில் தமிழில் சொன்னபோது ஒரு பெரியவர் குறுக்கிட்டார். "அப்ப நம்ம வயல்லேருந்தும் அது வருதா தம்பி?" வருகிறது ஐயா என்றேன். தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் காற்றுப் புகாது, அந்த இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேனை வெளிவிடும், நெற்பயிரின் தண்டு வழியாகவே பெரும்பகுதி மேலே வரும். அவர் முகம் மாறிவிட்டது. மீத்தேன் என்றால் மன்னார்குடிப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது நிலக்கரிப் படுகையிலிருந்து அதை எடுக்க வந்த திட்டமும், அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதே 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டை அருகே உயிர்விட்ட இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும்தான். அதை விரட்டிய ஊர்க்காரரிடம் உன் வயலும் மீத்தேன் விடுகிறது என்றால் எப்படி இருக்கும்?

அதனால்தான் இந்த நூல் இங்கே தேவைப்படுகிறது. இந்திய வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3.7 கோடி டன் மீத்தேன் வருகிறது என்று அந்தக் காலத்தில் வெளிநாட்டு மதிப்பீடு ஒன்று இருந்தது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நாட்டின் பல பகுதி வயல்களில் நேரில் அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! விவாதம் என்றால் இதுவும் விவாதம்தான், நம் வயலை யார் எப்படி அளக்கிறார்கள் என்கிற விவாதம். அது இன்னும் முடியவும் இல்லை. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள் கையெழுத்திட்டபோது இந்தியா சேரவில்லை. சிறு விவசாயியின் நெல்லும் மாடும் அதற்கான காரணங்களில் முக்கியமானவை.

இந்த நூலுக்கும் வயதாகிவிட்டது, அதை மறைக்கக் கூடாது. இன்று மொத்த வெளியீட்டில் இந்தியா உலகில் மூன்றாவது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்கருக்குச் சுமார் 14 டன் என்பதால் அடிப்படை வாதம் நிற்கிறது. ஆனால் நாட்டுக்குள்ளேயே மாளிகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தச் சராசரி விழுங்கிவிடுகிறது. இன்னொன்று, நம் வயல் நியாயமானது என்பதால் மாற்றமே வேண்டாம் என்று ஆகாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி நீர் விட்டால் மீத்தேனும் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டில் குறுவையைக் காப்பாற்றத் தவிக்கிறவருக்கு இரண்டாவது காரணமே போதும்.

இதை அடுத்து வாங்க வேண்டியது, அல்லது வாங்காமலே படிக்கக்கூடியது, நவ்ரோஸ் துபாஷ் தொகுத்த 'இந்தியா இன் அ வார்மிங் வேர்ல்ட்', 2019. மேலே சொன்ன நூலின் பகுதிகளும் இதில் உண்டு. 1992 ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தையில் இந்தியாவுக்காக உட்கார்ந்த சந்திரசேகர் தாஸ்குப்தா அதைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். பல பேர் எழுதிய கனமான தொகுப்பு, முதுகலை மாணவர்களுக்குத்தான் முழுதாகப் பயன்படும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பணத்தை இதில் போடவில்லை.

அமிதாவ் கோஷின் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' 2016-இல் வந்தது. இலக்கியம், வரலாறு, அரசியல் என்று மூன்று பகுதி. நம் காலத்தின் மிகப் பெரிய ஆபத்தைத் தீவிர இலக்கியம் ஏன் பேசாமல் விடுகிறது என்பது அவர் எழுப்பும் முதல் கேள்வி. பெருவெள்ளமும் புயலும் நம்ப முடியாதவை என்று நவீன நாவல் அவற்றை வெளியே தள்ளிவிட்டது என்கிறார். காவிரியின் முகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மணிமேகலை நினைவுக்கு வராமல் இருக்காது. மகனைப் பிரிந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறக்க, மணிமேகலா தெய்வம் சினக்க, புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. ஒரு நகரம் மொத்தமாக மூழ்குவதை நம் காப்பியம் தயங்காமல் கதைக்குள் கொண்டுவந்தது, அதற்கு ஆளுகிறவரின் கடமைத் தவறைக் காரணமாகவும் சொன்னது. இதை முன்வைத்து கோஷோடு உரையாட நம் தமிழாசிரியர்களுக்கு நிறைய இருக்கிறது. மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற நகரங்களைக் காலனி ஆட்சி கடலுக்கு நேராகக் கட்டியது, பழைய மக்கள் கடலுக்கு அஞ்சி உள்ளே குடியிருந்தார்கள் என்ற அவருடைய கருத்தையும் அப்படியே ஏற்க எனக்கு முடியவில்லை. பூம்புகாரும் நாகப்பட்டினமும் கடலைப் பார்த்தே வாழ்ந்த ஊர்கள். இப்படி மறுத்துப் பேச இடம் தருகிற புத்தகம் என்பதாலேயே இதை வாங்கியே ஆக வேண்டும் என்கிறேன்.

கடைசியாக மேசை மேல் எப்போதும் இருக்க வேண்டிய ஒன்று. புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் கொண்டுவந்த, இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றம் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் முன்னின்று எழுதியது, இதுவும் இலவசம். படிக்கச் சுவையாக இருக்காது. ஆனால் சாகுபடிக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் 3.3 மி.மீ. உயர்ந்து வந்திருக்கிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது, அந்தக் குறைவு தெளிவாகத் தெரிகிற பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. குடகு மலையில் பெய்தால்தான் நமக்கு மேட்டூர் நிறையும் என்பதால் இந்த வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். புயலைப் பற்றி அது சொல்வதைப் பாருங்கள்: புயல்களின் மொத்த எண்ணிக்கை 1951-க்குப் பிறகு குறைந்திருக்கிறது, ஆனால் 2000-க்குப் பிறகு மழைக்காலம் முடிந்து வரும் மிகக் கடும் புயல்கள் கூடியிருக்கின்றன, இதில் மனிதர்களால் வந்த வெப்பத்தின் பங்கு இன்னும் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை. கஜாவைப் பற்றி மேடையில் பேசும் எவரும் முதலில் இந்த மூன்றையும் படித்துவிட்டுப் பேச வேண்டும். கூனினை வாங்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இதனால்தான்.

இத்தனையும் ஆங்கிலமாக இருக்கிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. தமிழில் நக்கீரனின் 'நீர் எழுத்து' (2019) நேராகப் புவி வெப்பமாதல் நூல் அல்ல, தமிழகத்தின் நீரைப் பற்றியது. ஆனால் மேலே உள்ள எல்லாவற்றையும் நம் ஆறு, குளம், வாய்க்காலோடு இணைத்துப் பார்க்க அது கண் திறந்துவிடும், அதனால் எங்கள் பட்டியலில் சேர்த்தேன். பூவுலகின் நண்பர்கள் வெளியிடும் 'பூவுலகு' இதழ்களையும் தொகுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே பணம் கொடுத்து வாங்குவது அகர்வால்-நாராயண், வியர்ட், கோஷ், லோம்போர்க், நக்கீரன். பணம் மிஞ்சினால் லைனஸ், அடுத்த ஆண்டு 'மெர்ச்சன்ட்ஸ் ஆஃப் டவுட்'. இலவசமாகக் கிடைக்கும் மதிப்பீட்டு அறிக்கையில் சுருக்கப் பகுதியை மட்டும் அச்செடுத்துத் தைத்து வைப்பது. லோம்போர்க்கை வியர்டுக்கு முன்னால் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன், தலைமையாசிரியரும் அதற்குச் சம்மதித்தார். சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் உள்ள மாதங்களில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாலையில் உட்கார நேரம் இருக்கும். அதற்குள் அகர்வால்-நாராயண் நூலின் மீத்தேன் பகுதியை ஒருவர் தமிழில் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பதாகவும், வயலில் தண்ணீர் கட்டும் முறையை அதோடு சேர்த்துப் பேச ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து யாரையாவது அழைப்பதாகவும் பேசி வைத்திருக்கிறோம்.